கட்டத்துக்குக் கீழே இருந்த கட்டம்

என் மகளின் கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. விண்ணப்பத்தில் பிறந்த இடத்தைத் தவறாகக் கொடுத்தது எங்கள் குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. அடியில் என் ஒப்பு, என் கையெழுத்து. நாங்கள் தவறாகக் கொடுக்கவில்லை. இதை இத்தனை நாளும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

கேரளமும் தமிழ்நாடும் தொடுகிற பனச்சமூட்டில் சுமடு எடுக்கிறவன் நான். லாரியில் வருகிற அரிசி, வண்டியில் வருகிற வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, எல்லாம் எங்கள் தலை வழியாகத்தான் கடைக்குள் போகும். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். தமிழ் வாசிப்பேன். மலையாளம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் என்றால் பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்பேன்.

என் வீடு கேரளத்தில். மனைவி பிறந்த வீடு தமிழ்நாட்டில். தூரம் ஒன்றும் கிடையாது. சோறு வடித்துவிட்டுப் போய் அம்மையைப் பார்த்துவிட்டு, சோறு ஆறுவதற்குள் வந்துவிடுவாள். இங்கே பாதி வீடுகளில் இப்படித்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக் கல்லைப் பார்த்து நடப்பதில்லை.

தலைப்பிரசவம் பெண்ணின் தாய் வீட்டில். இந்துக்களும் அப்படித்தான், சபைக்காரர்களாகிய நாங்களும் அப்படித்தான். ஏழாம் மாதம் வந்து கூட்டிப் போவார்கள். பிள்ளை பிறந்து கழுத்து நின்ற பிறகு கொண்டுவந்து விடுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் மூத்த பிள்ளைகள் பலரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். இளையவர்கள் கேரளத்தில் பிறந்தவர்கள். ஒரே தட்டில் தின்கிறவர்களுக்கு இரண்டு மாநிலத்தில் பிறப்புச் சான்று. இதில் இதுவரை யாருக்கும் ஒரு குறைவும் வந்ததில்லை.

என் மூத்த மகளும் அப்படித்தான் பிறந்தாள். அங்கே உள்ள பழைய மிஷன் ஆசுபத்திரியில். சான்றில் கன்னியாகுமரி மாவட்டம் என்று தெளிவாக இருக்கிறது.

அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். வேறு எதுவும் கேட்டதில்லை. மாமியார் படுக்கையில் கிடந்த காலத்தில் புண்ணுக்கு மருந்து வைத்தது இவள்தான். பெரியவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போவார்கள். இவள் இருப்பாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பாள், இல்லையென்றால் படிப்பு இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

விண்ணப்பம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். ஜங்ஷனில் ஒரு சேவை மையம் உண்டு. அதை நடத்துகிறவள் எங்கள் சபைப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்வாள். மகளும் நானும் போய் உட்கார்ந்தோம்.

பெயர், சபை, மார்க் எல்லாம் ஏறியது. பிறந்த இடம் வந்தது. மாநிலம் என்ற கட்டத்தில் கேரளம் என்று தானாகவே விழுந்திருந்தது. எங்கள் விலாசத்தைப் பார்த்து அதுவே போட்டுக்கொள்ளுமாம். அதற்குக் கீழே மாவட்டம். அதில் திருவனந்தபுரம். அதுவும் தானாக வந்ததுதான். அவள் கேரளத்தை மாற்றித் தமிழ்நாடு போட்டாள். பக்கத்தின் கீழ்ப்பாதி வெளுத்தது. ஒரு வட்டம் சுற்றியது. மறுபடி எழுத்து வந்தபோது மாவட்டக் கட்டத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் வரிசையாக நின்றன. கன்னியாகுமரியைத் தேடித் தொட்டாள். கட்டத்தில் கன்னியாகுமரி உட்கார்ந்தது. நான் பார்த்தேன். மகள் பார்த்தாள். மூன்று பேரும் பார்த்தோம்.

அனுப்பினாள். தாள் ஒன்று அச்சாகி வந்தது. பெயரின் எழுத்தையும் மார்க்கையும் சரிபார்த்தோம். பிறந்த இடத்தைப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்து வைத்ததை எதற்குத் திரும்பப் பார்ப்பது?

பிறகு ஒரு நாள் நான் லாரியில் நிற்கும்போது போனில் செய்தி வந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்து, தமிழில் சொன்னாள். பிறந்த இடம் பற்றிப் பொய்யான தகவல், சான்றுடன் ஒத்துப்போகவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவ்வளவுதான்.

பொய்யான தகவல். அந்தச் சொல்லை எழுதியது ஒரு ஆள் கூட இல்லை. மிஷின்.

சுமட்டுக்காரர்கள் ஷெட்டில் இது உடனே பரவியது. என்னோடு சுமடு எடுக்கிற ஒருவன், வாய்க்காரன், பீடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"எலே, ஒனக்க மவ ரெண்டு எடத்தில பெறந்தாளாக்கும்? அவளுக்க பேறுகாலத்துக்கு நீ ஒரு தடவதானே லீவு எடுத்த, எனக்கு ஓர்மை உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த சாக்கை எடுத்தேன். அவனுக்கும் மூத்தது பெண்தான். பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். அதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

வீட்டில் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே சொன்னாள், இங்கேயே கிடந்து பெற்றிருந்தால் இந்தப் பாடு இல்லை என்று. அதுதான் எனக்குச் சுட்டது. தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றதை ஒரு பெண் குற்றமாக நினைக்க வைத்துவிட்டார்களே.

திருத்தம் செய்ய ஒரு தடவை இடம் உண்டு என்று செய்தியின் கடைசியில் இருந்தது. ஒரே ஒரு தடவை. அன்றைக்கே மையத்துக்குப் போனோம். அவள் பக்கத்தைத் திறந்தாள். கேரளம், திருவனந்தபுரம் என்று நின்றது. யார் இதைப் போட்டது என்று கேட்டாள். யாரும் போடவில்லை. திருத்துகிற பக்கமும் எங்கள் விலாசத்தைப் பார்த்துத் தானாகவே புதிதாகப் போட்டுக்கொண்டதுதான். மறுபடி தமிழ்நாடு. மறுபடி வெளுப்பு, வட்டம். மறுபடி கன்னியாகுமரி. இந்தத் தடவை நான் அதைப் படம் எடுக்கச் சொன்னேன். என் போனில் படம் வராது. பொத்தான் போன். அவளே தன் போனில் வீடியோ எடுத்தாள். அனுப்பினாள். தாள் வந்தது.

தமிழ்நாடு, திருவனந்தபுரம்.

தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது திருவனந்தபுரம்? அப்படி ஒரு மாவட்டம் அங்கே இல்லை என்று அந்தப் பக்கத்துக்கே தெரியும். அதன் வரிசையிலேயே அது கிடையாது. ஆனாலும் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டு, திருத்தம் முடிந்தது, இனி மாற்ற முடியாது என்று பச்சை எழுத்தில் காட்டியது.

மகள் எழுந்து வெளியே போய் நின்றாள். அழவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மையத்துக்காரி விடவில்லை. உதவி எண்ணுக்குப் பேசினாள். வேறு கம்ப்யூட்டரில் போடச் சொன்னார்கள். பழையதை எல்லாம் அழித்துவிட்டுத் திறக்கச் சொன்னார்கள். நெட் வேகம் குறைவாக இருக்கும் என்றார்கள். நீங்கள் சரியாகத் தொட்டிருக்க மாட்டீர்கள் என்றார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். போனை வைத்த பிறகு, தப்பு என்றால் இவர்களுக்கு நம் கை மட்டும்தான் கண்ணில் படும் என்று சொன்னாள்.

அப்புறம் தன் பெயரில் ஒரு வெறும் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு மவுஸைத் தொடாமல் பொத்தானை அமுக்கியே கட்டம் கட்டமாகத் தாண்டுகிற பழக்கம். ஒரு கை தொட்டிலில் இருக்குமே, அதனால் வந்த பழக்கம். மாநிலத்திலிருந்து ஒரு அமுக்கு. மினுங்குகிற கோடு காணாமல் போனது. இன்னொரு அமுக்கு. அப்போதுதான் மாவட்டக் கட்டத்துக்கு வந்தது. அவள் திரும்பப் போனாள். திரும்ப வந்தாள். நடுவில் ஒரு தடவை கோடு எங்கேயோ போய்விட்டு வருகிறது. பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் எழுத்தைத் திறந்து வாசித்தாள். என் கண்ணுக்கு அது எறும்பு வரிசை மாதிரி இருந்தது. அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"கட்டம் ஒண்ணு இல்ல அண்ணா. ரெண்டு உண்டு. கேரளத்துக்க கட்டம் போகாம அடியில கெடக்கு. அதுக்கு மேல புதுசு வந்து இருக்கு. ரெண்டுக்கும் ஒரே பேராக்கும். நம்ம மேல உள்ளதுல எழுதுதோம், அவங்க அடியில உள்ளத எடுக்காங்க."

மாநிலத்தை மாற்றினால் கீழ்ப்பாதியைப் புதிதாகக் கொண்டுவருவார்களாம். கொண்டுவரும்போது பழையதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் புதியதற்கு வேறு பெயராவது வைக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. மாநிலத்தை மாற்றாதவர்களுக்கு இது தெரியவே தெரியாது. இந்த மாநிலத்தில் பிறந்து இந்த மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரே கட்டம்தான். மாற்றுகிறவர்களுக்குத்தான் இரண்டு. எங்களுக்குத்தான்.

எனக்கு விளங்கியது. எங்கள் தொழிலில் சாக்கின் மேல் கடைக்குறி போடுவார்கள். ஒரு கடையின் காலிச் சாக்கு வேறு கடைக்கு நிறைந்து வரும். பழைய குறியை அடித்துவிட்டுத்தான் புதுக்குறி போட வேண்டும். அடிக்காமல் விட்டால் சாக்கு கடை மாறிப் போகும். மாறினால் குறி போட்டவனைத் திட்ட வேண்டும். ஆனால் திட்டு விழுவது எடுத்துக்கொண்டு போனவனுக்கு. இங்கேயும் அதுதான்.

வழியும் அவளே கண்டுபிடித்தாள். தமிழ்நாடு என்று மாற்றி, மாவட்டம் தப்பாகவே இருந்தாலும் சரி, சேமித்துவிட்டு வெளியேற வேண்டும். அனுப்பக் கூடாது. திரும்ப உள்ளே வந்தால் பக்கம் முதலிலேயே தமிழ்நாட்டோடு வரும். அப்போது ஒரே கட்டம். அதில் கன்னியாகுமரி போட்டால் கன்னியாகுமரியே போகும். தன் வெறும் விண்ணப்பத்தில் செய்து காட்டினாள். சரியாக வந்தது.

ஆனால் எங்கள் விண்ணப்பம் பூட்டிப்போனது. பூட்டைத் திறக்கத் திருவனந்தபுரத்தில் உள்ள அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

அப்போதுதான் அவள் இன்னொன்று சொன்னாள். முந்தின வருஷமும் ஒரு பெண்ணுக்கு இதே பதில் வந்ததாம். கிழங்கு வியாபாரி ஒருவரின் மகள். அவளும் தலைப்பிள்ளை. தாங்கள்தான் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். அந்தப் பெண் இப்போது காட்டாக்கடையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அவளுக்கும் நர்ஸ் ஆகத்தான் ஆசை. இதைச் சொல்லும்போது மையத்துக்காரியின் குரல் இறங்கிவிட்டது. அன்றைக்கு அந்த விண்ணப்பத்தைத் தட்டியதும் இவள்தான்.

மறுநாள் மகளும் நானும் போனோம். மையத்துக்காரி வீடியோவை மகளின் போனுக்கு அனுப்பியிருந்தாள். எவ்வளவு நேரமானாலும் நான் இங்கே தயாராக இருக்கிறேன், பூட்டைத் திறக்க மட்டும் வையுங்கள் என்றாள்.

அலுவலகத்துக்கு வெளியே ஒரு தரகன் நின்றான். வருகிறவர்களின் கையில் உள்ள தாளைப் பார்த்தே நோய் சொல்கிறவன். எங்கள் தாளையும் பார்த்தான். இதற்கு எளிதான வழி பிறப்புச் சான்றை மாற்றுவதுதான், கேரளத்தில் பிறந்ததாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம், தனக்கு ஆள் உண்டு என்றான். கட்டம் சரியாக இல்லாததால் பிறப்பை மாற்றச் சொல்கிறான். பொய் சொன்னதாக எழுதிவிட்டார்கள், இவன் உண்மையாகவே பொய் சொல்ல வழி காட்டுகிறான். மகள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

உள்ளே ஒரு அதிகாரி. வயது என்னைவிடக் குறைவு. மரியாதையில்லாமல் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தாளை வாசித்தார். சான்றைப் பார்த்தார். மலையாளத்தில் கேட்டார்.

"நிங்ஙள் தன்னெயல்லே கொடுத்தது?"

நீங்களேதானே கொடுத்தீர்கள். நாங்கள் கொடுத்தது கன்னியாகுமரி என்று மகள் சொன்னாள். இரண்டு கட்டம், ஒரே பெயர், எல்லாம் சொன்னாள். மலையாளத்தில் என்னைவிட அவள் நன்றாகப் பேசுவாள். வீடியோவைக் காட்டினாள். அவர் பார்த்தார். கன்னியாகுமரி உட்கார்வதையும், தாளில் திருவனந்தபுரம் வருவதையும் பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போது நான் நினைத்தேன், முடிந்தது, தெரிந்துகொண்டார்கள் என்று.

அவர் மேஜை இழுப்பிலிருந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்தார். பூட்டைத் திறக்க இதுதான் வழி என்றார். விண்ணப்பதாரரின் கவனக்குறைவால் தவறான தகவல் தரப்பட்டது, அதற்கு வருந்துகிறோம், திருத்த அனுமதிக்க வேண்டும். பெற்றோர் ஒப்பு போட வேண்டும், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை. மகள் கேட்டாள், தவறு உங்கள் பக்கத்தில் என்றால் அதற்கு எந்தத் தாள் என்று. அப்படி ஒரு தாள் இல்லை என்றார். பக்கத்தைச் செய்து கொடுத்தவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு எழுதிப் போடலாம், பதில் வர நாளாகும் என்றார். அன்று சாயங்காலத்தோடு திருத்தம் முடிகிறது. அதையும் அவரே சொன்னார்.

மகள் தாளை வாங்கி வாசித்தாள். திரும்ப மேஜையில் வைத்தாள். தமிழில் என்னிடம் சொன்னாள்.

"ஒப்பு போடாண்டாம் அப்பா. நம்ம ஒரு தப்பும் செய்யல்ல. எனக்கு இந்த சீட்டு வேண்டாம்."

அவள் அதைச் சொன்னதில்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மாமியாரின் புண்ணைக் கழுவின கை அது. அந்தக் கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வைத்தது யார்? ஒரு கட்டத்தை எடுக்காமல் விட்ட ஒருவன். அவன் யார் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் எங்களைத் தெரியாது. கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனவன் போல அவன் போய்விட்டான். இடறி விழுந்தவர்கள் வந்து, எங்கள் கால்தான் சரியில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

நான் அதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நான் எழுதிக்கொடுத்தால் இந்தப் பக்கத்தைச் சரிசெய்வீர்களா? மலையாளத்தில் தப்பும் தவறுமாகத்தான் கேட்டேன். அவருக்கு விளங்கியது. அவர் மேலே சொல்வதாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்வார் என்றுதான் தோன்றியது. கேட்பார்கள் என்று தோன்றவில்லை.

பேனாவை எடுத்தேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"விடு மக்கா," என்றேன். "சீட்டு ஒனக்காக்கும். ஒப்பு எனக்காக்கும்."

போட்டேன். தமிழில் போட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூட்டு திறந்தது. வெளியே வந்து படியிலேயே நின்றோம். மகள் மையத்துக்குப் போன் செய்தாள். அங்கே மையத்துக்காரி விண்ணப்பத்தின் உள்ளே போக ஒரு எண் வேண்டும், அது என் பொத்தான் போனுக்கு வரும். வந்தது. நான் ஒவ்வொன்றாக வாசித்தேன், மகள் சொன்னாள். மையத்துக்காரி தமிழ்நாடு போட்டுச் சேமித்தாள். வெளியேறினாள். மறுபடி உள்ளே போக மறுபடி எண் வேண்டும். வரவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். அலுவலகத்தின் ஜன்னல்களை ஒருத்தர் சாத்திக்கொண்டு வந்தார். புளியமரத்தின் அடியில் போனபோது எண் வந்தது. வாசித்தேன்.

மகள் தன் போனை ஸ்பீக்கரில் வைத்தாள். குழந்தை அழுகிறது மட்டும் கேட்டது. அப்புறம் அச்சு மிஷின் ஓடுகிற சத்தம். மையத்துக்காரி தாளை எடுத்து வாசித்தாள்.

"தமிழ்நாடு. கன்னியாகுமரி. வந்தாச்சு மோளே."

மகள் படியில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியே உட்கார்ந்திருந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

இடம் கிடைத்தது. இப்போது மூன்றாம் வருஷம்.

அந்தப் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு அடுத்த வருஷமும் அதே வெளுப்பு, அதே வட்டம், அடியில் அதே கட்டம். மையத்துக்காரி சுவரில் ஒரு அட்டை ஒட்டி வைத்திருக்கிறாள். எல்லைக்கு அப்பால் பிறந்த பிள்ளைகளுக்கு: மாநிலத்தை மாற்றிச் சேமித்து, வெளியே போய், திரும்ப வந்து மாவட்டம் போடவும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறாள். பாறசாலையிலிருந்தும் கொல்லயிலிலிருந்தும் ஆள் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். தங்கள் பக்கத்தைச் சரிசெய்ய அலுவலகத்துக்காரர்களுக்கு நேரமில்லை. சுற்றிப் போக நாங்கள் படித்துக்கொண்டோம். அட்டையைப் பார்க்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. துணிக்கடைகளில்தான் கேட்க வேண்டும்.

இந்த வருஷம் ஷெட்டில் அந்த வாய்க்காரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் மகளும் பன்னிரண்டு முடித்துவிட்டாள். பீடியைப் பற்ற வைக்கவில்லை.

"எலே, வெளிய போயிட்டு வரணும்னு சொல்லுவியே. அது எப்பிடியாக்கும்?"

இரண்டு இடத்தில் பிறந்தாளா என்று திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மையத்துக்குக் கூட்டிப் போய் அட்டையைக் காட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்திருந்தாள். கல்லூரியில் ஏதோ கையெழுத்துக்காக அவள் கோப்பைப் பிரித்தார்களாம். அங்குள்ள கிளார்க் அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நீ என்ன பொய்த் தகவல் கொடுத்தாய் மோளே என்று கேட்டார்களாம். அத்தனை பேர் முன்னாலே. நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மை, அவளுக்க அம்மை வீட்டில கெடந்து என்னைப் பெத்தா. அதாக்கும் நாங்க செய்த குற்றம்னு சொன்னேன்."

மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். மகளுக்கு மீன் பொரிக்கச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.